பதினெட்டுக் காற்றாலைகள், பதினெட்டு ரியூலிப் பூக்கள்

டிலோஜினிக்கு ஒரு பிளவுஸ் தைக்கத் தெரியாது என்பது ஓலைத்தொடுவாய் ஊருக்குத் தெரியவந்தபோது உயிர்த்த ஞாயிறுக்கு மூன்று நாள் இருந்தது. பக்கத்து வளவு அன்ரோனெற், திருநாள் பூசைக்கு உடுக்கவென்று வாங்கிய நீலச் சாறியின் துணியைத் தைக்கக் கொடுத்திருந்தார். தைத்து வந்த பிளவுஸைப் போட்டால் கையை உயர்த்த முடியவில்லை. கைக்குழி ஒருபக்கம் இறுக்கியது. மறுபக்கம் பை போலத் தொங்கியது.

"பன்னிரண்டு வருசம் காமென்ற்ஸில என்ன பிள்ளை செய்தனீ?" என்று வேலிக்கு மேலால் கேட்டார் அன்ரோனெற்.

"பொக்கற் வைச்சனான் அக்கா."

"எந்தப் பொக்கற்?"

"சேட்டுக்கு. இடப்பக்க நெஞ்சுப் பொக்கற்."

அன்ரோனெற் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததை இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். பிறகு ஒருவரும் டிலோஜினியிடம் துணி கொண்டுவரவில்லை.

நான் மன்னார் தபால் கந்தோரில் பொதிகள் எடுக்கும் மேசையில் இருக்கிறேன். இந்தக் கதையின் பெரும்பகுதியை எனக்குச் சொன்னது டிலோஜினிதான். அவர் சொல்லாமல் விட்ட சிலதை அன்ரோனெற் பின்னர் சொன்னார். தான் சிரித்ததையும் அவரே சொன்னார்.

வேலைக்குப் போன காலத்தில் டிலோஜினி விடிய நாலரைக்கு எழும்பி, கணவர் அன்ரனிக்குச் சோறு கட்டிவைத்துவிட்டு, மன்னார்த் தீவில் இருந்து தாம்போதி வீதியால் கடலைக் கடந்து பெருநிலத்துக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறுவார். ஆடைத் தொழிற்சாலையில் ஒரு சேட் நாற்பது பேரின் கையால் போகும். ஒருவர் கொலர் தைப்பார், ஒருவர் தெறி வைப்பார். டிலோஜினிக்கு வந்தது பொக்கற். அதில் கஷ்டமானது கட்டம் போட்ட சேட். பொக்கற் துணியின் கோடுகள் சேட்டின் கோடுகளோடு அச்சொட்டாகப் பொருந்தவேண்டும். பொக்கற் இருப்பதே தெரியக்கூடாது. அவர் வைத்த பொக்கற் திரும்பி வந்ததில்லை என்பதால், கட்டம் போட்டது வந்தால் சுப்பவைசர் அவரிடமே கொடுப்பார். நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. வீட்டுக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயது. மகள் டினோஜா வவுனியாவில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் அன்ரனியின் தங்கை விட்டுப்போன, காலால் மிதிக்கும் தையல் மெசின் ஒன்று இருந்தது.

பிளவுஸ் சங்கதிக்குப் பிறகு அந்த மெசின் ஐந்து மாதம் துணியால் மூடிக் கிடந்தது. புரட்டாதியில் ஒருநாள் பின்னேரம் நிவேதிகா வீடியோவில் கூப்பிட்டாள். நறுவிலிக்குளத்துப் பெண், தொழிற்சாலையில் டிலோஜினிக்குப் பக்கத்து மெசினில் ஏழு வருடம் இருந்தவள். கலியாணம் செய்து நெதர்லாந்துக்குப் போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள்.

"அக்கா, நான் ஒரு பிழை விட்டிட்டன். ஏசக்கூடாது."

"என்ன செய்தனீ?"

அந்த இல்லத்தில் இருக்கும் பெண்கள் சிலர் வியாழக்கிழமைகளில் கூடியிருந்து துண்டுத் துணிகளைப் பொருத்திப் போர்வை தைப்பார்களாம். அவர்களுக்குத் தலைவி ஹென்ட்ரிகா என்ற எண்பத்தாறு வயதுப் பெண்மணி. தன் தையலை அவர் நிவேதிகாவிடம் காட்ட, இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 'எங்கட ஊரில எனக்கு ஒரு அக்கா இருக்கிறா, அவ தைச்சால் பொருத்து எங்க எண்டு தேடவேணும்' என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் அவரையும் ஒன்று தைத்து அனுப்பச் சொல், சித்திரையில் எங்களுக்குக் கண்காட்சி இருக்கிறது, ரியூலிப் பூவும் காற்றாலையும்தான் இந்த முறை தலைப்பு என்றாராம் ஹென்ட்ரிகா.

"உனக்கு விசரா நிவே? எனக்கு ஒரு பிளவுஸ் தைக்கத் தெரியாது. ஊரே சிரிச்சது."

"இதில கைக்குழி இல்லை அக்கா. கழுத்தும் இல்லை. எல்லாம் நேர்கோடு. கோட்டோட கோடு முட்டவேணும், அவ்வளவுதான்."

டிலோஜினி அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் மெசினை மூடியிருந்த துணியை எடுத்துவிட்டு எண்ணெய் போட்டார்.

நிவேதிகா அனுப்பிய படத்தில் காற்றாலையும் தெரியவில்லை, பூவும் தெரியவில்லை. சதுரங்களும் முக்கோணங்களும்தான் இருந்தன. போனைக் கதிரையில் சாய்த்துவைத்துவிட்டு எட்டப்போய் நின்று பார்த்தபோது முக்கோணங்கள் சுழலத் தொடங்கின. ரியூலிப் மட்டும் பிடிபடவில்லை. அந்தப் பூவை அவர் கலண்டரில்கூடக் கவனித்ததில்லை. "அது விரியிற பூவோ, மூடின பூவோ?" என்று கேட்டு ஒரு குரல் செய்தி அனுப்பினார். நிவேதிகா தன் போனில் கிடந்த ஒரு பழைய வீடியோவை அனுப்பினாள். வயல் நிறையச் சிவப்பு. ஒவ்வொரு பூவும் பால் குடிக்கும் கோப்பைபோல மூடியபடி நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் படத்தில் பூவின் மேலே இருக்கிற மூன்று முனைகளும் எதற்கு என்று விளங்கியது.

அன்ரனிக்கு இது பிடிக்கவில்லை. அவர் கடற்றொழிலாளி. தீவில் மின்சாரத்துக்கு நிற்கும் காற்றாலைகள் போதும், புதிதாக ஒன்றும் நாட்டக்கூடாது என்று ஊரவர்கள் கூடிய கூட்டங்களில் முன்வரிசையில் இருந்தவர்.

"கடலுக்குப் போனாலும் அதுகள்தான் கண்ணுக்கு முன்னால நிக்குது. வீட்டுக்குள்ளயும் அதுகளோ?"

"இது அந்தக் காத்தாலை இல்லை. இது மா அரைக்கிறது, தண்ணி இறைக்கிறது. அந்தக் காலத்து ஒல்லாந்தற்ற காத்தாலை."

அன்ரனி படத்தை வாங்கிப் பார்த்தார். "தண்ணி இறைக்கிறதெண்டால் பரவாயில்லை," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

துணிக்கு டிலோஜினி மன்னார் பசாரில் றுஸ்தியின் கடைக்குப் போனார். மூட்டையாகக் கட்டிவைத்திருந்த வெட்டுத் துண்டுகளைக் கொட்டி, தரையில் இருந்து தெரிவுசெய்தார். நூலை இழுத்துப் பார்த்து, பருத்தி அல்லாததை ஒதுக்கினார். றுஸ்தி ஒரு நல்ல சிவப்பை எடுத்து நீட்டினார். வீட்டில் தோய்த்தபோது அந்தச் சிவப்பு வாளி முழுவதையும் ரத்தமாக்கியது. அடுத்த பஸ்ஸில் அதைத் திரும்பக் கொண்டுபோனார்.

"துண்டுத் துணியை ஒருத்தரும் திருப்பிக் கொண்டுவாறேல்லை," என்றார் றுஸ்தி.

"நான் வைச்சால் பக்கத்து வெள்ளையெல்லாம் றோஸ் ஆகும் தம்பி. இது ஹொலண்டுக்குப் போறது."

றுஸ்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே போய்ச் சாயம் போகாத சிவப்பு ஒன்றை முழுத் துணியில் இருந்து வெட்டிக் கொடுத்தார்.

உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. தொழிற்சாலையில் துணி வெட்டுவது வேறு பிரிவு. டிலோஜினியின் கைக்கு வரும்போது எல்லாம் ஒரே அளவாக வெட்டப்பட்டிருக்கும். இங்கே அவரேதான் வெட்டவேண்டும். பெட்டி மட்டையில் முக்கோணம் வெட்டி, அதை வைத்துக் கோடு கீறி வெட்டினார். பத்துத் துண்டு வெட்டுவதற்குள் மட்டையின் ஓரம் தேய்ந்துபோனது. முதல் காற்றாலையில் எட்டு முனைகளும் நடுவில் ஒரே புள்ளியில் சேரவேண்டும், சேரவில்லை. இரண்டு நூல் அகலம் தவறியது. வேறு யாரும் கண்டிருக்கமாட்டார்கள். அவர் பிரித்தார். இரண்டாவதையும் பிரித்தார். மூன்றாவதைத் தைக்காமல் அலுமாரியைத் திறந்து, அன்ரனி படகில் விழுந்து தோள்மூட்டு விலகியபோது எடுத்த எக்ஸ்ரே படத்தைத் தேடி எடுத்தார். அந்தத் தகடு தேயாது, கசங்காது. அடியில் துணியின் கோடும் தெரியும்.

"அது என்ர தோள்," என்றார் அன்ரனி.

"இப்ப நல்லாத்தானே இருக்குது? படம் என்னத்துக்கு?"

அந்தத் தகட்டில் வெட்டிய அச்சுகளை வைத்துத்தான் போர்வை முழுவதும் உருவானது. ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு சதுரம்; ஒன்றுவிட்டு ஒன்று காற்றாலையும் பூவும். மாரி மழையில் துணி காயாத நாட்களில் வெட்டினார். வெளிச்சம் நல்லாக இருக்கும் காலையில் தைத்தார். மின்சார மெசினின் வேகத்துக்குப் பழகிய கால், பழைய மெசினின் மிதியில் மெதுவாகப் போகப் பழகியது. தை மாதக் கடைசியில் மேல்துணி முடிந்தது.

இனி மேல்துணி, நடுவில் மெல்லிய கம்பளி, அடியில் வெள்ளைத் துணி என்று மூன்றையும் விரித்து, அசையாமல் நூலோட்டவேண்டும். வீட்டில் அவ்வளவு இடமில்லை. கதவைத் திறந்தால் மணல் வரும். கோயில் வேலைகளைப் பார்க்கும் சங்கிஸ்தாரிடம் கேட்டு, பங்கு மண்டபக் கதவின் திறப்பை வாங்கினார். சனிக்கிழமை மத்தியானம் தரையை இரண்டுதரம் துடைத்துவிட்டு விரித்தார்.

ஞாயிறு பூசைக்குப் பூச்சாடி எடுக்க வந்த அன்ரோனெற் வாசலில் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இதை ஆர் தைச்சது?"

"நான்தான் அக்கா."

அன்ரோனெற் முழங்காலில் இருந்து, கோடுகள் சந்திக்கும் இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனார். ஒரு வரிசை முடிந்ததும் நிமிர்ந்தார்.

"இப்பிடித்தானோ அந்தப் பொக்கற்றும் வைச்சனீ?"

"ஓம்."

"எனக்கு நூலோட்டத் தெரியும். ஊசியைத் தா."

இருவரும் இரண்டு பக்கத்தில் இருந்து ஓட்டத் தொடங்கினார்கள். அரைவாசி ஓட்டியிருப்பார்கள். தேத்தண்ணீர் கொண்டுவந்த அன்ரனி மண்டபத்து மேடையில் ஏறி நின்று பார்த்தார்.

"நாலாவது வரிசையில ஒண்டு மற்றப் பக்கம் சுத்துது," என்றார்.

டிலோஜினி எழுந்து மேடைக்கு ஓடினார். உண்மைதான். பதினேழு காற்றாலைகள் வலப்பக்கம் சுழன்றன, ஒன்று இடப்பக்கம். கீழே இருந்து தைத்த கண்ணுக்கு அது தெரியவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்த அன்ரனி தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

"விடு டிலோ. கரையில நிண்டு பார்த்தால் எல்லாம் ஒரு பக்கம்தான் சுத்தும். நான் கடலில நிண்டு பார்க்கேக்க மற்றப் பக்கம் சுத்தும். ரெண்டும் சரிதான்."

காற்றாலையைப் பற்றி அவர் நல்ல விதமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. டிலோஜினி சிரித்தார். ஆனால் கத்தரிக்கோலை எடுத்தார்.

"நீங்கள் சொல்லுறது சரி. ஆனா இது கரையில நிண்டு பார்க்கிற ஆக்களுக்குத் தைச்சது."

"ஓட்டின நூல் எல்லாத்தையும் இழுக்கிறதோ?" என்று கேட்டார் அன்ரோனெற்.

"ஓம் அக்கா."

அன்ரோனெற் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, தான் ஓட்டிய நூலைத் தானே உருவத் தொடங்கினார். டிலோஜினி அந்த ஒரு சதுரத்தை மட்டும் வெளியே எடுத்து, அதன் நான்கு பாகங்களையும் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒருதரம் திருப்பிவைத்து, வீட்டுக்குப் போய்த் தைத்துக்கொண்டு வந்து மீண்டும் பொருத்தினார். கோயிலில் பின்னேர மணி அடிக்கும் நேரமாகிவிட்டது. அடுத்த சனியும் அன்ரோனெற் வந்தார்.

மாசியில் டிலோஜினி எங்கள் கந்தோருக்குப் பொதியோடு வந்தார். சுங்கப் படிவத்தில் உள்ளே இருப்பது என்ன என்று எழுதவேண்டும். "பழைய போர்வையா, புதுப் போர்வையா?" என்று நான் கேட்டேன். சொல்வதற்குப் பதிலாக அவர் பொதியை அவிழ்த்து ஒரு மூலையை விரித்துக் காட்டினார். எத்தனையோ பொதிகளை நிறுத்திருக்கிறேன். அன்றைக்குத் தராசில் வைக்கமுதல் கையைத் துடைத்துக்கொண்டேன்.

கண்காட்சி நாளில் நிவேதிகா எடுத்த வீடியோவை நானும் பார்த்தேன். சக்கர நாற்காலியில் இருந்த ஹென்ட்ரிகா மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, பூவை எல்லாம் விட்டுவிட்டு முதலில் போர்வையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஒரு காற்றாலையின் நடுவில் பெருவிரல் நகத்தை வைத்தார். அடுத்ததில் வைத்தார். அப்படியே பதினெட்டிலும். கடைசியில் நிவேதிகாவிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் திரும்ப ஏதோ சொன்னார்.

அன்றிரவே டிலோஜினி அவளிடம் கேட்டிருக்கிறார்.

"என்ன கதைச்சவ?"

"நீங்கள் முந்தி என்ன தைச்சனீங்கள் எண்டு கேட்டவ. சேட்டுக்குப் பொக்கற் எண்டு சொன்னன்."

"அதுக்கு?"

"அந்தச் சேட்டுகளைப் போட்ட ஆம்பிளையளுக்கு அது தெரியாமலே போச்சே எண்டவ."

இதை எனக்குச் சொல்லும்போது டிலோஜினி வேறு பக்கம் பார்த்தார். போர்வைக்குப் பரிசு ஒன்றும் இல்லை. வெளியார் தைத்தவற்றைப் போட்டியில் சேர்ப்பதில்லையாம். அதை அந்த இல்லத்தின் சாப்பாட்டறைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஊரிலும் ஆட்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள், பிளவுஸுக்கு அல்ல. முதலில் கோயிலுக்கு ஒரு பீட விரிப்பு, பிறகு முசலியில் இருந்து ஸில்மியா என்பவர் தன் மகளின் கட்டிலுக்கு ஒரு போர்வை. ஸில்மியாவும் அந்தத் தொழிற்சாலையில் கொலர் தைத்தவர்தான். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவரும் வந்து கூடத் தைக்கிறார்.

ஆனியில் டிலோஜினியின் பெயருக்கு நெதர்லாந்தில் இருந்து ஒரு பொதி வந்தது. அறிவித்தல் கிடைத்ததும் வந்து, மேசையிலேயே உடைத்தார். உள்ளே ஒன்பது துணித் துண்டுகள்: ஒரு மேசைவிரிப்பின் மூலை, நீலக் கோடுபோட்ட படுக்கை விரிப்பு ஒன்று, யாரோ ஒருவருடைய சேட்டின் முதுகு என்று பலதும். வியாழக்கிழமைக் கூட்டத்தின் ஒன்பது பெண்களும் தங்கள் வீட்டுத் துணியில் ஆளுக்கொரு துண்டு அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பெயரெழுதிய கடதாசி குண்டூசியால் குத்தியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே போர்வையில் சேர்த்துத் தரமுடியுமா என்று நிவேதிகாவின் கையெழுத்தில் ஒரு குறிப்பு.

"என்ன தைக்கப் போறீங்கள்?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. படம் ஒண்டும் அனுப்பேல்லை. என்ர விருப்பத்துக்கு விட்டிட்டினம்." அதைச் சொல்லிவிட்டுத் துணிகளை மேசையில் வரிசையாக விரித்தார். பிறகு, "உங்களிட்ட பேனை இருக்கோ? ஊசியைக் கழட்டினால் எந்தத் துண்டு ஆரின்ர எண்டு மாறிப்போகும்," என்றார்.

கடதாசியில் இருந்த பெயர்களை நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் துணியின் ஓரத்தில், தையலுக்குள் மறைந்துபோகும் அந்தக் கால் அங்குலத்துக்குள், தமிழில் சின்ன எழுத்தாக எழுதினார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு மனிதர் முணுமுணுக்கவில்லை. கிட்ட வந்து, கழற்றிய குண்டூசிகளை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.