எண்ணெய் பூசிய கால்மிதி

திருவொற்றியூர் ஆலையில் நான் டைப்பிஸ்ட்; எங்கள் வீட்டில் முதலில் படித்தவள். ஆலைக் காரின் டிரைவர் நரைமீசைக்காரர், செருப்பே போடமாட்டார். காரில் பெடலுக்கு அடியில் கிடக்கும் ரப்பர் கால்மிதியைத் தினமும் சோப்பால் கழுவிக் காயவைத்து, வெறுங்காலால் தேய்த்துப் பார்த்த பிறகே வண்டியை எடுப்பார்.

ஒருநாள் அவர் டீ குடிக்கப் போனபோது, வெளுத்திருந்த கால்மிதிக்கு நான் தேங்காய் எண்ணெய் பூசினேன். பிறகு துறைமுகத்துக்குக் கடிதங்களோடு அவருடன் புறப்பட்டேன். காலையிலேயே தேய்த்துப் பார்த்துவிட்டதால் அவர் மறுபடி பார்க்கவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. எண்ணெய் பட்ட அவர் பாதம் பிரேக்கிலிருந்து வழுக்கியது. ரயில் கூவிக்கொண்டு வந்தது. கைப்பிரேக்கை இழுத்தார், வண்டி கேட்டை உரசி நின்றது.

“எண்ணெ யாரு தடவுனது?”

“நான்தான்... பளபளன்னு இருக்கட்டுமேன்னு.”

“மூஞ்சி பாக்கவா கீது அது? கால் வெக்கத்தாம்மா கீது!”

தெருக்குழாயில் கால்மிதி, பெடல், பாதம் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தார். “மிதிச்சுப் பாரும்மா. வழுக்குதா?”

செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தேன். “வழுக்கல.”

அவர் தன் காலால் தேய்த்துப் பார்க்காமலே வண்டியை எடுத்தார். ரயிலைவிட அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. என்னை ஏன் நம்பினார் என்று இன்றும் தெரியவில்லை.