மௌவல் என்று ஒரு பெயர்

என் பெயர் மௌவல். ராசிபுரத்துக்குப் பக்கத்தில், நிலக்கடலையும் சோளமும் விளைகிற ஒரு சின்ன ஊரில் இந்தப் பெயரோடு வளர்வது லேசான காரியம் அல்ல. எங்கள் தெருவில் நின்று "பாவாயி" என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து "ஏனுங்க" என்று பதில் வரும். என்னைக் கூப்பிட்டால் கேட்டவர்களெல்லாம் "என்னது?" என்பார்கள்.

பெயர் வைத்தவர் அப்பா. ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவர் புலவர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது நான் பிறந்தேன். அந்த வாரம் எந்தப் பாடத்தில் இருந்தாரோ அதிலிருந்து எனக்குப் பெயர் வந்தது. இலக்கணத்தில் இருந்திருந்தால் குற்றியலுகரம் என்று வைத்திருப்பார். அந்த மட்டும் தப்பித்தேன்.

மௌவல் என்பது பழைய பாட்டுகளில் வருகிற ஒரு வெள்ளைப் பூ. "அந்தப் பூவை நீங்க கண்ணுல பாத்திருக்கறீங்களா?" என்று அம்மா கேட்டாளாம்.

"படிச்சிருக்கறேன்" என்றாராம் அப்பா.

அம்மாவுக்கு அந்தப் பதிலால் மனசு ஆறவே இல்லை. "நாக்கு சுளுக்கிக்கும்" என்று சொல்லி, என்னைக் கண்ணு, அம்முணி, சாமி என்று என்னவெல்லாமோ சொல்லி அழைத்தாளே தவிர, பெயரை மட்டும் வாயில் போடவில்லை. நெய் வியாபாரம் செய்த மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், "மவுலு" என்று சுருக்கிக்கொண்டார். என் அண்ணன் அதைவிட ஒரு படி மேலே போனான். புளியமரக் கிளையில் முழங்காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, "உன்ற சொந்தக்காரன் வந்திருக்கறேன், வவ்வாலு!" என்பான். மறுநாளே பள்ளிக்கூடம் முழுவதும் நான் வவ்வால் ஆனேன்.

ஒரு முறை சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் வருகைப் பதிவைக் கையில் வாங்கி, "மெ... ள... வல்" என்று எழுத்துக் கூட்டினார். அது பெயரா, அல்லது எழுத்துப் பிழையா என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா மகிழ்ச்சியோடு விளக்க ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் மற்ற வகுப்புகளைப் பார்க்காமலே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அந்த வருஷம் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு குறையும் எழுதப்படவில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

எனக்குப் பதினேழு வயதானபோது எடப்பாடிப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். இரண்டாம் உலகச் சண்டைக்காலம். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, பஸ்கள் கரியை எரித்து ஓடின. மாப்பிள்ளை வீட்டார் இறங்கி வந்தபோது எல்லார் மூக்கிலும் கரி ஒட்டியிருந்தது. அதைச் சொல்லவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் நான் காப்பித் தட்டோடு நின்றேன்.

"அம்முணி பேரென்ன?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

சொன்னேன்.

"வவ்வாலா?"

மாமா பாய்ந்து வந்தார். "பூவுங்க! பூவு பேருங்க!"

"அதென்ன பூவுங்க, எங்க காட்டுல பூக்காத பூவு? கொடியில பூக்குமா, மரத்துலயா?"

"கொடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "காட்டுமுல்லைன்னு ஒரு சாரார் சொல்றாங்க. மரமல்லிகைன்னு இன்னொரு சாரார். அதுல புலவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருக்குதுங்க."

அந்த அம்மா தம் கணவரைப் பார்த்தார். அவர் மூக்குக் கரியைத் துடைத்தபடியே, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. பேருலதான் வழக்கு இருக்கற மாதிரித் தெரியுது. கல்யாணத்தோட லட்சுமின்னு மாத்திக்கலாமுங்க. பேருன்னா ஊட்டுக்கு வெளக்கேத்தற மாதிரி இருக்கோணும்" என்றார்.

மாமா சரி என்று தலையாட்டத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் சமையல்கட்டிலிருந்து அம்மா வெளியே வந்தாள்.

"பேரு புடிக்கலீன்னா பரவாயில்லீங்க" என்றாள். "ஆனா பெத்தவங்க வெச்ச பேரை, ஊட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சதும் மாத்தச் சொல்றது நல்லா இல்லீங்க. எம் பொண்ணு பேரு மௌவல். கொடியோ மரமோ, அது எங்க பாடு."

ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். நாக்கு சுளுக்கவில்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை, வந்தவர்களைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் பசிதான் வந்தது. அவர்களுக்காகச் செய்த கச்சாயப் பலகாரத்தில் பாதியை நானே தின்றேன்.

அவர்கள் பஸ் ஏறியதும் அம்மா திரும்பினாள். "ஏனுங்க, கொடின்னு ஒரு வார்த்தை சொன்னா என்னுங்க?"

"தப்பாச் சொல்லக் கூடாதில்ல?"

"கல்யாணம் முடிஞ்சு திருத்திக்கிறது!"

அடுத்த வருஷம் சேலத்தில் நூல் கடை வைத்திருந்த ஒருவருக்கு என்னைக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தபோது அந்த வீட்டில் யாரும் என் பெயரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியம். காரணம், கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு விருந்தில் தெரிந்தது.

சாப்பிட்டு எழுந்ததும் என் வீட்டுக்காரர் அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க மாமா, கல்யாணப் பத்திரிகையில பேரைத் தப்பா அச்சடிச்சுட்டாங்களே, அச்சாபீஸ்ல நீங்க கேக்கலீங்களா?"

"என்ன தப்பு?"

"மௌனம்கறதுக்கு மௌவல்னு போட்டிருந்தாங்களே."

தரகர் அவரிடம் என் பெயர் மௌனம் என்று சொல்லியிருக்கிறார்! அதைக் கேட்ட நிமிஷமே சம்மதித்தாராம். நானோ தாலி ஏறிய நாளிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். புது இடத்துக் கூச்சத்தில் அப்படிப் பேசுகிறேன், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தாராம். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மருமகனைப் பாயில் உட்காரவைத்து, இரண்டு சாராரின் அபிப்பிராயங்களையும் முதலிலிருந்து கடைசிவரை எடுத்துச் சொன்னார். அவரும் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "எந்தப் பூவா வேணாலும் இருக்கட்டும்; பேசற பூவுன்னு ரெண்டு சாராருமே சொல்லலியே" என்றார்.

அவருக்கு நான் சொன்ன பதில் கொஞ்சம் நீளம். சேலம் பஸ் வரும்வரை சொன்னேன்.