கோர்ட் கலையும்வரை

ஐம்பதுகளில் விழுப்புரம் கோர்ட்டு வாசலில் கண்ணையனைத் தெரியாத ஆள் கிடையாது. அதே கண்ணையன் ரயில்வே ஸ்டேஷனுக்கு மேற்கே இருக்கிற எங்கள் தெருவுக்குள் நுழைந்துவிட்டால், அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்த ஆள் கிடையாது. கேட்டால் "கோர்ட்டுல வேல" என்பார். அதற்குமேல் கேட்டால் இருமுவார். நான் கோர்ட்டு வாசல் புளியமரத்தடியில் மனு எழுதிப் பிழைத்தவன், குடியிருப்பதோ அவர் வீட்டுக்கு எதிர்வீடு. எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். அடுத்தவன் பிழைப்பில் மண்ணைப் போடுகிற பழக்கம் இல்லாததால் நான் எதையும் சொன்னதில்லை.

அவருடைய வேலை, மற்றவர்களின் பெட்டி கேஸுக்கு அவர்கள் பெயரில் போய் நிற்பது.

பெட்டி கேஸ் என்றால் கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. விளக்கில்லாத சைக்கிளில் போவது, சாக்கடைத் தண்ணீரைத் தெருவில் திறந்துவிடுவது, கடைச் சரக்கை ரோட்டில் பரப்புவது, சுவர் ஓரமாக ஒதுங்குவது, இந்த மாதிரி. முனிசிபாலிட்டி மேஸ்திரியோ போலீஸ்காரரோ பெயரை எழுதிக்கொண்டு போவார். சம்மன் வரும். போய் நின்று, "ஒத்துக்கிறேங்க" என்றால் அபராதம் போடுவார்கள். சில சமயம் கோர்ட் கலையும்வரை உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். சாயந்திரம் மாஜிஸ்திரேட் எழுந்து போகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். ஏழைக்கு இதில் ஒருநாள் கூலி போகும். பெரிய மனிதனுக்கோ மானமே போகும். கோர்ட்டுச் சேவகரான டவாலி வாசலில் வந்து பெயரைச் சொல்லி மூன்று தரம் கூவுவாரே, அதை அவனால் தாங்க முடியாது. ரோட்டில் சரக்கைப் பரப்பும்போது வராத வெட்கம் அப்போதுதான் வரும்.

கண்ணையன் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் கைவண்டி இழுத்தவர். விளக்கில்லாத வண்டியை ரோட்டில் ஓட்டியதாக அவர்மேலேயே ஒரு கேஸ் வந்தது. இரண்டு நாள் சோறு இறங்காமல், நடுங்கிக்கொண்டே போனார். போனால், தலை நிமிராமல் கையெழுத்துப் போடுகிற மாஜிஸ்திரேட். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. வெளியே வந்தவரைச் சவுரிராயன் கூப்பிட்டார். பெட்டி கேஸ்களையெல்லாம் கோர்ட்டுக்குக் கொண்டுவருகிற போலீஸ்காரர் அவர்.

"ஒரு வாத்தியாருக்கு சைக்கிள் கேஸு. பசங்க பாத்துடுவாங்கன்னு அழுவுறாரு. அவரு பேருல நீ போயி நில்லு. உன்ன யாரு பாக்கப் போறாங்க?"

உன்னை யார் பார்க்கப் போகிறார்கள்! அந்த ஒரு வார்த்தைதான் கண்ணையனுக்குத் தொழில் கொடுத்தது. இடுப்பு பிடித்துக்கொண்டு வண்டி இழுக்க முடியாமல் போனபிறகு அதுவே முழுநேரத் தொழிலாகவும் ஆயிற்று. வாத்தியாராக நின்றார், ரைஸ்மில்காரராக நின்றார், ஓட்டல் முதலாளியாக நின்றார். அபராதத்தையும் நின்றதற்குக் கூலியையும் அவர்கள் கொடுத்துவிடுவார்கள். டவாலி எந்தப் பெயரைக் கூவினாலும் எழுந்து, "நான்தாங்க" என்பார். என்ன குற்றமானாலும், "ஒத்துக்கிறேங்க" என்பார். மாஜிஸ்திரேட்டுகள் மாறி மாறி வந்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏழை முகம் எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான் போலும்.

"அவமானம் பேருக்குத்தாங்க, எழுத்துக்காரரே. ஒடம்புக்கு இல்ல. நான் ஒடம்ப மட்டுந்தான் கொண்டும்போயி வெக்கிறேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. உடம்புக்கு அவமானம் இல்லை என்றவர், தினமும் சாயந்திரம் கோர்ட்டுக் குழாயில் முகத்தையும் கழுத்தையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவாமல் வீட்டுக்குப் போனதே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. நன்றாகவே தெரிந்தது.

வீட்டில் மனைவி பாஞ்சாலி அவரைக் கோர்ட்டு சேவகர் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். மகள் அம்சவள்ளி தண்ணீர்க் குழாயடியில் யாராவது முறைத்தால், "எங்க நைனா கோர்ட்டுல இருக்காரு, தெரியுமில்ல?" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் கண்ணையன் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார்.

அம்சவள்ளிக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். அவனுடைய அப்பா தாண்டவராயன் அந்த ஊர் மண்டியில் எடை போடுகிறவர், நேரான மனிதர். "பணங்காசு வேணாங்க. கோர்ட்டுல வேல பாக்குற மனுஷரு ஊட்டுப் பொண்ணு, அது போதும்" என்று சொல்லியனுப்பினார். பாஞ்சாலிக்குத் தலைகால் புரியவில்லை.  கண்ணையனோ, கல்யாணம் முடிகிறவரை இந்தப் பொய் தாங்கினால் போதும் என்று எங்கள் தெருப் பிள்ளையாரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் வெயிலில் நிற்கக் கூடாது என்று தெருவில் குழி தோண்டி, மூங்கில் நட்டு, கீற்றுப் பந்தல் போட்டார். முனிசிபாலிட்டி அனுமதி இல்லாமல் தெருவில் குழி தோண்டக் கூடாது. இதே குற்றத்தை வேறொருவர் பெயரில் போய் ஒத்துக்கொண்டு வந்தவர்தான் அவர். பெண்ணைப் பெற்ற அவசரத்தில் மறந்துபோனார். மேஸ்திரி மறக்கவில்லை. வந்து எழுதிக்கொண்டு போனார்.

பெண் பிடித்துவிட்டது. நிச்சயதாம்பூலத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின ஒரு தேதிக்கு ஆஜராகச் சொல்லிக் கண்ணையன் பெயருக்குச் சம்மன் வந்தது. அதே தேதியில் ஜவுளிக்கடைக் கோதண்டபாணிக்கும் ஒரு கேஸ் இருந்தது. மார்க்கெட்டுச் சுவர் ஓரம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தவரை முனிசிபாலிட்டி ஆட்கள் கையும் களவுமாகப் பிடித்திருந்தார்கள். "எம் பேருல போயி நின்னுட்டு வா. உம் பொண்ணு நிச்சயத்துக்கு நல்ல பட்டுப் புடவையா நான் தர்றேன்" என்றார் கோதண்டபாணி. பாஞ்சாலி அன்று காலைதான் புடவைக்கு என்ன வழி என்று கேட்டிருந்தாள்.

ஒரே நாளில் ஒரே முகம் இரண்டு பெயருக்கு எழுந்து நிற்க முடியாது. சவுரிராயன் வழி சொன்னார். "உன் கேஸுக்கு நான் வாய்தா வாங்கிடறேன்யா. மொதல்ல பெரியவரு கேஸ முடி."

கண்ணையன் நம்பினார். ஆனால் அன்று காலை எவரோ மந்திரி வருகிறார் என்று சவுரிராயனைப் பந்தோபஸ்துக்குத் திண்டிவனம் அனுப்பிவிட்டார்கள்.

கோதண்டபாணி என்று டவாலி கூவினார். கண்ணையன் எழுந்து, "நான்தாங்க" என்றார். ஒத்துக்கொண்டார். அபராதம், அத்துடன் கோர்ட் கலையும்வரை காவல். வழக்கம்போலச் சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் மல்லாட்டை விற்கிற குப்பம்மாள். பஸ் நிற்கிற இடத்தில் கூடையை வைத்ததற்காக மாதத்துக்கு ஒருதரமாவது அவளும் அந்தப் பெஞ்சுக்கு வருவாள்.

நான் ஒரு நகலுக்காக உள்ளே நின்றிருந்தேன். சாப்பாட்டு நேரம் கழிந்து டவாலி மறுபடி கூவினார்.

"கண்ணையன்! கண்ணையன்! கண்ணையன்!"

கூப்பிட்டவரின் கைக்கெட்டும் தூரத்தில் கண்ணையன் உட்கார்ந்திருந்தார். எழுந்தால், காலையில் கோதண்டபாணி என்று ஒத்துக்கொண்டது யார் என்று கேட்பார்கள். கோர்ட்டிலேயே பொய்ப் பெயர் சொன்னது பெட்டி கேஸ் இல்லை, ஜெயில். கல்யாணம் நின்றுபோகும். அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கே உடம்பு கூசியது.

தெரிந்தும் தெரியாத மாதிரி, "ஆஜர் இல்லீங்க" என்றார் டவாலி. வாரண்டு எழுதினார்கள்.

அந்த வாரண்டு, யாரையும் தெரியாத ஒரு புதுப் போலீஸ்காரர் கைக்குப் போய், சரியாக நிச்சயத்தன்று எங்கள் தெருவுக்கு வந்தது. அம்சவள்ளி அந்தப் பட்டுப் புடவையில் சபைக்கு வந்து விழுந்து கும்பிட்டு உட்கார்ந்திருந்தாள். தாம்பூலத் தட்டு மாற்றுகிற நேரம்.

"இங்க கண்ணையன்றது யாரு?"

 நாங்கள் அத்தனை பேரும் கண்ணையனைப் பார்த்ததால் போலீஸ்காரருக்கு ஆள் தெரிந்தது. பந்தல் போட்ட கேஸ், வாய்தாவுக்கு வரவில்லை, வாரண்டு என்று விவரம் சொன்னார்.

தாண்டவராயன் சிரித்துவிட்டார். "அட, இவ்ளோதானா! எங்களுக்குப் பந்தல் போட்டதுக்கா இந்தப் பேஜாரு? ஏங்க சம்பந்தி, கோர்ட்டுலயே இருக்குறவரு, ஒரு எட்டு போயி நின்னுட்டு வர்றதுதானே?"

பாஞ்சாலிதான் முடிச்சைப் போட்டாள். வீட்டுக்காரரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, "அன்னைக்கு இவரு கோர்ட்டுக்குத்தானே போனாரு! பொழுது சாயத்தான் வந்தாரு, இந்தப் பொடவய எடுத்துக்கினு" என்றாள்.

"அப்ப ஏன் வரலன்னு வாரண்டு வருது?" தாண்டவராயன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு உண்மையான பதிலும் இருந்தது. கண்ணையனால் அதைச் சொல்ல முடியவில்லை. செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். அதைப் பார்க்கப் பார்க்க, இது பந்தல் சமாசாரம் இல்லை, வேறு ஏதோ பெரிய விவகாரம் என்று வந்தவர்கள் முகமெல்லாம் மாறிவிட்டது.

தாண்டவராயன் தட்டைத் தள்ளி வைத்தார். "இது இப்பிடியே இருக்கட்டும். நாளைக்கு நானே கோர்ட்டுக்கு வர்றேன். என்னான்னு கேட்டுக்கினு, சாயந்திரமே மாத்திக்கலாம்."

நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். இரவு கண்ணையனிடம், "காய்ச்சல்னு சொல்லிடுங்க. அபராதத்தோட போயிடும். கல்யாணமும் நடக்கும்" என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் தலையாட்டினார்.

மறுநாள் அம்சவள்ளியும் கூட வந்தாள். வேண்டாம் என்று கண்ணையன் கெஞ்சினார். "நீ வேல செய்ற எடந்தானே நைனா, வந்தா என்ன?" என்றாள். பழைய நூல் புடவை கட்டியிருந்தாள். கோர்ட்டுக்குள் தாண்டவராயன் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகச் சுவரோரப் பெஞ்சில் உட்கார, நடுவில் கண்ணையன். ஜாமீன்காரன் நான் பக்கத்தில் நின்றேன். அவ்வளவு நேரமும் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. அப்போது குப்பம்மாள் வந்தாள். அவளுக்கு அன்றும் கூடைக் கேஸ். கண்ணையனைக் கண்டதும் பழகின முகம் என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"இன்னா அண்ணே, இன்னிக்கு யாரு பேருல வந்திருக்க? அன்னைக்கு ஜவுளிக்கட மொதலாளி பேருல வந்து, ரெண்டு பேரும் பொழுதன்னைக்கும் இங்கியே குந்திக்கினு கெடந்தோமே!"

அவள்மேல் தப்பில்லை. அவளுக்கு அவர் அப்படித்தான் அறிமுகம்.

தாண்டவராயன் மெதுவாகத் திரும்பினார். "அன்னைக்கு இங்கதான் இருந்தீங்களா?"

கண்ணையன் ஆமென்று தலையை ஆட்டினார்.

"கோர்ட்டுல வேலன்னு சொன்னது இதத்தானா?"

அதற்கும் தலையை ஆட்டினார். தாண்டவராயன் திட்டியிருந்தால் தேவலை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குப்பம்மாளிடம், "திண்டிவனம் பஸ்ஸு எங்கம்மா நிக்கும்?" என்று கேட்டுக்கொண்டு வெளியே போனார். அந்தச் சம்பந்தம் அத்துடன் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து வானூர்ப் பக்கம் அம்சவள்ளியைக் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது கண்ணையன் மறுபடி மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அன்றைக்கு அந்தப் பெஞ்சில் தகப்பனும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் பொடவ, நைனா?"

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"கண்ணையன்!" என்றார் டவாலி. அவர் எழவில்லை. "கண்ணையன்! கண்ணையன்!" துண்டு முகத்தைவிட்டு இறங்கவில்லை. காது கேட்கவில்லையா, அந்தப் பெயருக்கு எழுந்து நிற்கக் கூசியதா, எனக்குத் தெரியாது. டவாலி உள்ளே திரும்பி, "ஆஜர்..." என்று ஆரம்பித்தார். இரண்டாம் தரமும் வராவிட்டால் ஜாமீனும் கிடைக்காது.

எங்கள் பக்கம் பெற்ற தகப்பன் பெயரைப் பிள்ளைகள் வாயால் சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டால்கூடப் பக்கத்துப் பிள்ளை சொல்லட்டும் என்று அதன் முகத்தைப் பார்ப்பார்கள். அம்சவள்ளி எழுந்து நின்றாள். கோர்ட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இருக்காருங்க. இதோ, இவருதாங்க கண்ணையன். எங்க நைனா."

கண்ணையன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எத்தனையோ பேருக்காக அந்த இடத்தில் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார்.

"நான்தாங்க."

பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்தித் தலை நிமிர்ந்தார்.

"சத்தமாச் சொல்லுய்யா" என்றார்.