எங்கடை பக்கம்

கனடாவில் பாலைவனம் இருக்கிறதென்றால் ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஸ்ரௌவ்வில்லில் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை. "டுபாய்க்கோ போனனீங்கள்?" என்று கேட்கிறார்கள். பேர்ணடெற் என்னத்தைச் சொல்வாள், பாவம்! போய் இறங்கும்வரை அவளே நம்பவில்லையே.

எல்லாம் அவள் புருஷன் அல்பேட் பார்த்த வேலை. ட்ரக் ஓட்டித் திரிந்த மனுசன், பிரிட்டிஷ் கொலம்பியாவில் பாலைவனமும் ஏரியுமாய்க் கிடந்த ஒசோயூஸ் என்ற சின்ன ஊரைக் கண்டு மயங்கிவிட்டார். ரொறன்ரோவில் பனி அள்ளி நாரி முறிந்தது போதும் என்று அங்கே ஒரு மோட்டலைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பிடித்தார். பேர்ணடெற்றையும் மகள் றெபேக்காவையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு நாட்டுக்குக் குறுக்கே புறப்பட்டும் விட்டார்.

போன புதிதில் பேர்ணடெற் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ரொறன்ரோப் பழக்கத்தில், வெயிலைக் கண்ட சந்தோசத்தில் எல்லாக் கேர்ட்டினையும் திறந்துவிட்டாள். மத்தியானம் வீடு அடுப்பாகிவிட்டது. வாசலில் வாலைக் கிலுக்கிக்கொண்டு பாம்பு கிடந்தது. ரொறன்ரோவிலிருந்து சுமந்துபோன, பனி அள்ளும் சவளால் அல்பேட் அதைத் தள்ளிவிட்டார். "எங்கடை பக்கம் உப்பிடிச் சனியன் ஒண்டும் இல்லை" என்று அவள் அழுதாள். எங்கடை பக்கம் என்று அவள் சொன்னது ரொறன்ரோவை. ரொறன்ரோவில் இருந்த காலமெல்லாம் அதே வாயால் தான் பிறந்த மன்னாரைச் சொன்னவள்தான்.

இப்போது தங்கை றெஜினாவின் மகன் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கும் சடங்குக்கென்று ஸ்ரௌவ்வில்லுக்கு வந்திருக்கிறாள். வந்தவளை றெஜினா விட்டால்தானே!

"பேஸ்மென்ற் சும்மாதான் கிடக்கு. அத்தானையும் பிள்ளையையும் கூப்பிடு. இங்கையே இருங்கோ அக்கா."

அல்பேட் சண்டை பிடித்திருந்தால் பதிலுக்கு ஏசியாவது ஆறியிருப்பாள். அவரோ ஃபோனில், "உனக்கு அங்கைதான் சரியெண்டால் மோட்டலை விட்டிட்டு நாங்களும் வாறம். ஞாயிற்றுக்கிழமை முதலாளிக்குச் சொல்லவேணும். நீயே யோசி" என்று சொல்லிவிட்டார். அங்கே ஏரியில் நீந்தப் பழகிய றெபேக்காவும் தாயிடமே விட்டுவிட்டாள். மூன்று பேரின் இருப்பும் தன் ஒரு சொல்லில் தொங்குகிறதே என்று பேர்ணடெற்றுக்குத் தலை கிறுகிறுத்தது. ஓம் என்று நினைத்தாலும் பயம், இல்லை என்று நினைத்தாலும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழும்பியவள், விறுவிறுவென்று றெஜினாவின் விறாந்தைக் கேர்ட்டின்களை இழுத்து மூடினாள்.

"என்னக்கா செய்யிறாய்? இப்பதானே வெயில் வந்தது!"

"வெக்கை உள்ளுக்கை வரப்போகுதடி."

"இருபது டிகிரிக்கு வெக்கையோ? விசரே உனக்கு?"

பேர்ணடெற் கதிரையில் கிடந்த தன் துவாயைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "நேற்றுத் தோய்ச்சது, இன்னும் ஈரம். என்ன புழுக்கமடி இது! எங்கடை பக்கமெண்டால் கொடியிலை போட்டிட்டுத் திரும்பிறதுக்குள்ளை காஞ்சிடும்."

"எங்கடை பக்கமோ?" றெஜினா இடுப்பில் கைவைத்தாள். "எந்தப் பக்கம்? மன்னாரோ?"

பேர்ணடெற் வாயைத் திறந்தாள். நாக்கில் வந்தது ஒசோயூஸ். இந்தச் சொல் எப்போது தன்னைக் கேளாமல் இடம் மாறியது? அந்தப் பாம்பும் புழுதியுமா தன் பக்கம்? அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

"என்ன, யோசிச்சனியே?" அல்பேட்டின் குரல் தழைந்திருந்தது.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லையப்பா. அங்கை விடிஞ்சிட்டுதே?"

"ஓம், இப்பதான்."

"அப்ப ஏன் சும்மா நிக்கிறியள்? கேர்ட்டினை மூடுங்கோ. பிள்ளையின்ரை அறைக்குத்தான் முதல் வெயில் அடிக்கும்."

அல்பேட் குழம்பிப்போனார். "இது ஓமோ, இல்லையோ?"

"எனக்கென்ன தெரியும்! முதல்லை போய் மூடுங்கோ!" என்று கத்திவிட்டு, பேர்ணடெற் ஓவென்று அழத் தொடங்கினாள்.

றெஜினா அந்த ஈரத் துவாயை எடுத்துப்போய் டிரையருக்குள் போட்டாள். அக்கா போகும்போது ஈரத்தோடு சூட்கேசில் வைத்தால் நாறுமே.