ஏற்காட்டுக்கு இரண்டு நட்சத்திரம்

பத்துக்கு ஏழுக்கு மேல் நான் எந்தப் படத்துக்கும் மார்க் போட்டதில்லை. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்திய கை, லேசில் இளகாது. சனிக்கிழமை மதியக் காட்சி முடிந்து தி. நகரிலிருந்து மந்தைவெளிக்குப் பஸ்ஸில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் கேட்பார், "எத்தனை டீச்சர்?" என்று. நான் டிக்கெட்டின் பின்பக்கம் சிவப்பு மையால் போடுவேன். இரண்டாம் பாதி இழுவைக்கு ஒன்று, வேண்டாத சண்டைக்கு அரை என்று கழித்துக்கொண்டே வருவேன். அவர் மார்க் எப்போதும் என்னுடையதைவிடக் குறைந்தது இரண்டு கூட இருக்கும். அழுதுவிட்ட படமென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது. "உங்களுக்கு எதைக் காட்டினாலும் புடிச்சிடும்" என்பேன். மந்தைவெளி வரும்வரை சண்டை ஓடும்.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வளாகத்தில் நின்றால் நாலு பேர் வந்து கேட்பார்கள். "டீச்சர், அந்தப் படத்துக்குப் போலாமா? எத்தனை போட்டீங்க?" அதில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

லீவுக்கு எங்கே போவது என்பதையும் நான்தான் முடிவு செய்வேன். அவர் ஓய்வுபெற்ற வருடம் மட்டும், "இந்தத் தடவை நான் பாத்துக்கறேன். நீ பெட்டியைக் கட்டு, போதும்" என்றார். ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனார். மூன்று நாளும் விடாத மழை. லாட்ஜில் மெத்தை ஈரம், வெந்நீர் வரவில்லை, ஏரியில் படகு விடவில்லை. ஜன்னலைத் திறந்தால் பனியைத் தவிர ஒன்றும் தெரியாது. அவர் தினமும் காலையில் குடையோடு சரிவில் இறங்கிப்போய் பிளாஸ்க்கில் காபி வாங்கிவருவார். முழங்கால்வரை சேறு. வந்ததும், "கிளைமேட்டைப் பாரேன்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திரும்பும் ரயிலிலேயே போனை எடுத்து அந்த லாட்ஜுக்கு இரண்டு நட்சத்திரம் போட்டேன். கீழே பத்தி பத்தியாக எழுதினேன். கடைசி வரி இது: "இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவரை அடுத்த வருடமும் இதே வகுப்பில் உட்கார வைக்க வேண்டும்." அந்த ஞாயிறு கோயில் வளாகத்தில் அதை எல்லோருக்கும் சத்தமாக வாசித்தும் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் ஓர் ஊர்ப் பெயரைக்கூடச் சொன்னதில்லை. "நீயே சொல்லு" என்பார். படத்துக்கும் அப்படித்தான் ஆனது. நான் மார்க் போடும்வரை காத்திருந்து, "எனக்கும் அதான்" என்பார். ஒருவழியாக மனிதருக்கு ரசனை வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்.

இப்போது அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் அடையாறில் டயாலிசிஸ். போன மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதயமும் தாங்கவில்லை என்றார். "அவர் ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்கம்மா." அவர் எதற்கு ஆசைப்படுகிறார் என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து தினமும் கேட்கிறேன். எங்கே போகலாம், என்ன படம் பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்? "உனக்கு எது புடிக்குதோ அது." வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்திக்கூடப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

நேற்று டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது நர்ஸ் ஒரு ஃபார்ம் கொண்டுவந்தாள். "அங்கிள், எங்க சர்வீஸ் எப்படி இருக்குன்னு டிக் பண்ணிக் குடுங்க." சுத்தம், கவனிப்பு, நாற்காலி என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம்வரை போடலாம். அவர் ஊசி குத்தாத கையால் அதை வாங்கி அப்படியே என்னிடம் நீட்டினார். "டீச்சர் போடுவாங்க."

"ஊசி உங்க கையில, வலி உங்களுக்கு. நான் என்ன மார்க் போடறது?" என்று சீறினேன். அந்தப் பெண் மெல்ல நகர்ந்துவிட்டாள்.

ஃபார்மை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். "ஏற்காட்டுக்கு நீங்க எத்தனை போடுவீங்க?"

"அது ரெண்டுதானே."

"அது என் மார்க். உங்களுது?"

ரத்தம் ஓடும் குழாயைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பத்து" என்றார். "வீட்ல இருந்தா உனக்கு டியூஷன், பேப்பர், சர்ச். அங்க மூணு நாளும் மழையில எங்கயும் போவ முடியல. ரூம்லயே உக்காந்து பேசிக்கினே இருந்தோம்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"நீதான் ரயில்லயே எழுதி முடிச்சிட்டியே."

போனை எடுத்து அந்த விமர்சனத்தைத் தேடிப் பிடித்தேன். எழுதியதை எல்லாம் அழித்தேன், இரண்டை ஐந்தாக்கினேன், அவர் கண்முன் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"பொய் மார்க் போடாத டீச்சர். நீ யாருக்கும் போட்டதில்ல. மெத்தை ஈரமாத்தானே இருந்துச்சு?"

மெத்தை ஈரமாகத்தான் இருந்தது. அந்த மூன்று நாளும் எப்போது ஊர் திரும்புவோம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னொரு தடவை போலாம்" என்றேன். மறுபடி சனிக்கிழமை இதே நாற்காலியில் அவர் உட்கார வேண்டும். மலை ஏறும் உடம்பும் இல்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"வேணாம், உனக்குப் புடிக்காது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

நர்ஸ் ஃபார்மைக் கேட்டு வந்தாள். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுக் கொடுத்தேன்.