அண்ணியின் வலது தோள்

எனக்குத் தூக்கம் கெட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, ஈப்போ பூங்காவில் காலையில் தான் சொல்லித்தரும் சீகோங் என்ற சீன மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு வரச் சொன்னார். தனியாகப் போகக் கூச்சம். காலமாகிவிட்ட என் அண்ணனின் மனைவி அப்போது என்னோடுதான் இருந்தார். அந்த அண்ணியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டி, தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால் வாளி சுமந்தவர். வலது கை தோளுக்கு மேல் ஏறாது. எங்கள் தேவாலயச் சபையில் எல்லாருக்கும் அது தெரியும்.

கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முட்டியைத் தளர்த்தி நிற்க வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது கைகள் தண்ணீரில் மிதப்பதுபோல மேலே வரும். வெளியே போகும்போது இறங்கும். முதல் பாடம் இவ்வளவுதான். இதையும் நான் சொதப்பினேன். வகுப்பில் முதல் ஆளாக வந்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? “பெலான் பெலான் லா, மெதுவா, யாரும் உன்னத் துரத்தல” என்று ஆன்ட்டி சிரித்தார். அண்ணியோ கை எவ்வளவு வருமோ அவ்வளவு தூக்கிவிட்டு நிம்மதியாக நின்றார். இரண்டு மாதத்தில் அந்தக் கை அவர் நெற்றியைத் தாண்டியது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இந்த மாதிரிப் பயிற்சிகளின் வழியாகக் கெட்ட ஆவி உள்ளே நுழையும் என்று எங்கள் போதகர் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். நான் அதை நம்பவில்லை. ஆனால் நான் சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர். ஒரு சனிக்கிழமை, நடைப்பயிற்சிக்கு வந்த சபை அக்கா ஒருவர் நேராக எங்கள் முன்னால் வந்து நின்றார்.

“நீயுமா இங்க?”

தூக்கிய கைகளைச் சட்டென்று இறக்கினேன். “ஐயோ, இல்லக்கா. அண்ணிய விட்டுட்டுப் போலாம்னு வந்தேன். சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க லா.”

அண்ணி இரண்டடி தள்ளித்தான் நின்றார். என்னைப் பார்த்தார்.

மறுநாள் ஆராதனையில், விஷயம் காதுக்கு எட்டியிருந்த போதகர் அண்ணியை முன்னால் அழைத்து, தலையில் கை வைத்து, ஆவி விலக வேண்டும் என்று ஜெபித்தார். கைகளை உயர்த்தச் சொன்னார். அண்ணி உயர்த்தினார். இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயின. சபையே அதிர்ந்தது. பின்னால் ஒருவர் அழுதார். எல்லாரோடும் சேர்ந்து நானும் அல்லேலூயா என்றேன். வெட்கங்கெட்ட வாய்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில், “மன்னிச்சிருங்க அண்ணி, பயந்துட்டேன்” என்றேன்.

“பூங்காவுல நின்னு நான் மனசுக்குள்ள பைபிள் சங்கீதம்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். என்னப் பேய் புடிச்சவளாட்டம் நிக்க வச்சிட்டியே.” என் பக்கம் திரும்பினார். “ஒரே ஒரு தடவ எந்திரிச்சு நெசத்தச் சொல்லிரு. எனக்கு அது போதும்.”

சொல்கிறேன் என்றேன். மனதார நினைத்துத்தான் சொன்னேன்.

வாய்ப்பும் தானாகவே வந்தது. அடுத்த ஞாயிறு, அண்ணிக்குக் கிடைத்த சுகத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி என்னையே கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் வாங்கினேன். அண்ணி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பூங்காவுக்கு அவரைக் கூட்டிப்போனதே நான்தான் என்று தொடங்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். அந்தச் சபை அக்கா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“போன வாரம் கர்த்தர் எங்க அண்ணியோட கையக் குணமாக்கினாரு” என்றேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணி தட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. ஆராதனை முடியும்வரை இருந்து, வழக்கம்போல என்னோடு காரில் வந்தார். அந்த மாதமே சிலிம் ரிவர் என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போன் பண்ணினால் நன்றாகத்தான் பேசுகிறார். கை எப்படி இருக்கிறது என்று மட்டும் நான் கேட்பதில்லை.