பால் குடித்த கல்

செய்யாறு கம்பெனியில் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே டைல்ஸ் அறுக்கும் தூசி மூக்கில் ஏறியது. கோட்டைப் பக்கத்துச் சபைக் கோயிலுக்குள்ளிருந்துதான். வீட்டுக்குப் போக வேண்டிய கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. என் கால் எப்போதுமே ஒரு இடத்தில் தரிக்காது. சின்ன வயதில் பிரசங்க நேரத்தில் நான் பாயில் உட்கார்ந்ததைவிட நெளிந்ததுதான் அதிகம்.

வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகக் கட்டிய கோயில் அது. அவர்கள் போன பிறகு எங்கள் ஜனங்கள் பாயும் கையுமாக வந்து உட்கார்ந்தார்கள். சுவர் அத்தனை கனம். கோடையில் முதுகைச் சாய்த்தால் எழுந்திருக்க மனசே வராது. என்ன கனமிருந்து என்ன, பக்கத்துத் தெருப் பட்டுத்தறிச் சத்தத்தை அதற்குத் தடுக்கத் தெரியவில்லை. ஜெபத்துக்கு நடுவே அந்தத் தாளத்துக்குத் தலையாட்டி, அம்மாவிடம் கிள்ளு வாங்கியிருக்கிறேன்.

அம்மா உட்காரும் இடம் மாறவே மாறாது. பெண்கள் பக்கம், ஜன்னலோரம், தரையில் பதித்த ஒரு சின்னக் கல்லறைக் கல்லுக்கு அருகே. அதன் கீழே ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. எழுத்து தேய்ந்து பேர் அழிந்துபோயிருந்தது. என் தம்பியும் பேர் வைப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டவன். ஏரிப்பக்கம் அவனைப் புதைத்த மண்மேட்டை அடுத்த மழை கரைத்துவிட்டது. அதற்கப்புறம் அம்மாவுக்கு இந்தக் கல்தான் அவன். அவன் போன நாள் வந்தால், டம்ளரில் பால் கொண்டுவந்து கல்மேல் கொஞ்சம் ஊற்றுவாள்.

அன்றைய போதகர் ஒருமுறை பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா இது, சபையில பாலு ஊத்திகினு? அது வெள்ளக்காரங்க கொழந்தம்மா.”

“இருக்கட்டுங்க ஐயா. வெள்ளக்கார கொழந்தன்னா பசிக்காதா?”

அவரே போய், எறும்பு வராமல் துடைக்க ஈரத்துணி எடுத்துவந்து கொடுத்தார்.

அதையெல்லாம் நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். ஜன்னலோரம் வரைக்கும் தரை பளபளத்தது.

“அண்ணே, இங்க ஒரு கல்லு இருந்துச்சே?”

“பேத்து எடுக்கலக்கா. மேலயே கலவய போட்டு டைல்ஸ ஒட்டிட்டோம். கீழ பத்திரமா கீது,” என்றார் கொத்தனார்.

யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கோயில் அழகாக வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டதுதானே. வீட்டுக்கு வந்தும் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

“இன்னாடீ, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திகினு கீற?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னலையும் இடித்துப் பெரிதாக்கியிருந்தார்கள், அடையாளத்துக்கு அதுவும் இல்லை. குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவினாள். ஒரு டைல்ஸ், அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் ஒரே வழவழப்பு.

“எங்கடீ அவன்?”

நானும் மண்டியிட்டு ஒன்றைத் தொட்டு, “இங்கதாம்மா” என்றேன்.

பாயை விரித்து உட்கார்ந்து, நான் தொட்ட டைல்ஸ் மேல் கையை வைத்துக்கொண்டாள். அந்த இடம்தானா என்று எனக்கே தெரியாது.